வரிசையை வட்டமாக்குங்கள்!

பிள்ளைத்தாய்ச்சிகளுக்குச் செலவில்லாத ஒரு மருந்து

சென்னையில் இருந்து பெங்களூர் போகும் பெரிய சாலையில் பஸ் ஏறுங்கள். பூந்தமல்லியைத் தாண்டினால் இருங்காட்டுக்கோட்டை வரும். அடுத்தது பென்னலூர். அதற்கு அப்பால் ஸ்ரீபெரும்புதூர்.

ஏரியும் வயலுமாக இருந்த பகுதி இது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் கார் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. பிறகு சுங்குவார்சத்திரம், ஒரகடம் என்று தொழிற்சாலைகள் பெருகின. கார், டயர், கண்ணாடி, கைபேசி எல்லாம் இங்கே செய்கிறார்கள்.

வேலை இருக்கும் இடத்துக்கு மனிதர்கள் வருவார்கள். வந்தார்கள். விழுப்புரத்தில் இருந்தும், திருவண்ணாமலையில் இருந்தும் வந்தார்கள். ஒடிசாவில் இருந்தும், பீகாரில் இருந்தும் வந்தார்கள். வரிசையாக வீடுகள் எழுந்தன. ஒரே அறை, ஒரு மூலையில் அடுப்பு, பொதுக் குழாய். அதற்கு மாத வாடகை.

அந்த அறை ஒன்றில் ஒரு பெண் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வயது 22. திருமணம் ஆகி ஓர் ஆண்டு. இப்போது கர்ப்பம்.

அவளுடைய தாய் ஊரில் இருக்கிறாள். மாமியாரும் ஊரில் இருக்கிறாள். கணவனுக்கு இந்த வாரம் இரவு ஷிப்டு. அவன் வரும்போது இவள் எழுந்திருப்பாள். இவள் பேச நினைக்கும்போது அவன் தூங்கிவிடுவான்.

அவள் யாரிடம் கேட்பாள்?

"கால் வீங்குகிறதே, இது சரியா?" என்று கேட்க ஆள் இல்லை. "குழந்தை நேற்று முழுவதும் அசையவில்லையே?" என்று சொல்ல ஆள் இல்லை.

மூன்று மணி நேரம், மூன்று நிமிடம்

மாதம் ஒரு முறை அவள் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். காலை 8 மணிக்கே வரிசையில் நிற்கிறாள். அவளுக்கு முன்னால் ஒரு பெண். பின்னால் ஒரு பெண். எல்லோரும் கர்ப்பிணிகள். எல்லோர் கையிலும் அட்டை.

11 மணிக்கு அவள் முறை வருகிறது. எடை பார்க்கிறார்கள். இரத்தக் கொதிப்பு பார்க்கிறார்கள். வயிற்றைத் தொட்டுப் பார்க்கிறார்கள். அட்டையில் எழுதுகிறார்கள். "மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடு. கீரை சாப்பிடு. அடுத்த மாதம் வா."

மூன்று நிமிடத்தில் முடிந்தது.

அவள் கேட்க நினைத்தவை நாலு கேள்விகள். ஒன்றையும் கேட்கவில்லை. பின்னால் இத்தனை பேர் நிற்கிறார்கள். நர்சம்மாவுக்கு நேரம் இல்லை. "இதுகூடத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டால்? அந்தப் பயம் வேறு.

நர்சைக் குறை சொல்லாதீர்கள். அவரும் காலையில் இருந்து நிற்கிறார். "கீரை சாப்பிடு" என்பதை இன்று அவர் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார்! சொல்லிச் சொல்லி அவருக்கும் அலுத்துவிட்டது. கேட்பவர் காதிலும் அது விழுவதில்லை.

எட்டாம் மாதம் வருகிறது. நம் பெண்ணுக்கு ஒரு நாள் தலை விண்விண் என்று வலிக்கிறது. கண் மங்குகிறது. முகம் உப்பியிருக்கிறது. தூக்கம் போதவில்லை என்று அவள் நினைக்கிறாள். தைலம் தடவிக்கொண்டு படுத்துவிடுகிறாள்.

அது சாதாரணத் தலைவலி அல்ல. இரத்தக் கொதிப்பு ஏறியதன் அடையாளமாக இருக்கலாம். அப்படியே விட்டால் வலிப்பு வரலாம். தாய்க்கும் ஆபத்து. சேய்க்கும் ஆபத்து. உடனே 108-க்குப் போன் செய்ய வேண்டிய நேரம் அது.

அவளுக்குத் தெரியவில்லை. ஆனால், வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்றாளே ஒருத்தி, அவளுக்குத் தெரிந்திருக்கலாம். முதல் பிரசவத்தில் அவளுக்கே அப்படி வந்திருக்கலாம். மூன்று மணி நேரம் இருவரும் ஒன்றாக நின்றார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை.

உயிரைக் காக்கும் செய்தி இரண்டு அடி தூரத்தில் இருந்தது. வந்து சேரவில்லை!

ஒரு நர்சின் யோசனை

அமெரிக்காவில் ஷாரன் ரைசிங் என்று ஒரு பெண்மணி. மகப்பேறு நர்சு. அவரும் இதைத்தான் பார்த்தார். ஒவ்வோர் அறையாகப் போய் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. "எல்லோரையும் சேர்த்து உட்கார வைத்தால் என்ன?" என்று நினைத்தார். 1993-ல் அதைச் செய்து பார்த்தார்.

முறை எளிது. ஏறக்குறைய ஒரே மாதத்தில் பிரசவம் ஆக வேண்டிய பெண்கள் 8 முதல் 12 பேர். அவர்கள் ஒரு குழு. அதே பெண்கள், அதே நர்சு. கர்ப்ப காலம் முழுவதும் குறித்த நாளில் கூடுவார்கள். மொத்தம் சுமார் 10 கூட்டம். ஒவ்வொன்றும் ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரம்.

வந்தவுடன் அந்தப் பெண்ணே தன் எடையைப் பார்ப்பாள். இரத்தக் கொதிப்புக் கருவியைத் தன் கையில் தானே மாட்டிப் பார்ப்பாள். எண்ணைத் தன் அட்டையில் தானே எழுதுவாள். பிறகு ஒவ்வொருவராகத் தனியே போவார்கள். நர்சு வயிற்றைப் பார்ப்பார். குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்பார். அது முடிந்ததும் எல்லோரும் வட்டமாக உட்காருவார்கள்.

அங்கே பிரசங்கம் கிடையாது. நர்சு கேள்வி கேட்பார். பெண்கள் பதில் சொல்வார்கள். "மாத்திரை சாப்பிட்டால் எனக்குக் குமட்டுகிறது" என்பாள் ஒருத்தி. "நான் இரவில் சாப்பிடுகிறேன். குமட்டுவதில்லை" என்பாள் இன்னொருத்தி. தவறாக ஏதாவது வந்தால் நர்சு திருத்துவார். அவ்வளவுதான்.

பலன் உண்டா?

உண்டு. ஆனால், அளவோடு சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் இரண்டு பல்கலைக்கழக ஆஸ்பத்திரிகளில் 1,047 பெண்களை வைத்து ஓர் ஆராய்ச்சி நடந்தது. அதன் முடிவு 2007-ல் வெளிவந்தது. தனித்தனியாகப் பார்க்கப்பட்ட பெண்களில் 100-க்குச் சுமார் 14 பேருக்குக் குறைமாதப் பிரசவம் ஆயிற்று. கூட்டத்தில் இருந்த பெண்களில் அது 100-க்குச் சுமார் 10 பேர்தான்.

பிறகு நடந்த எல்லா ஆராய்ச்சிகளிலும் இதே பலன் வந்ததா? வரவில்லை. சிலவற்றில் குறைமாதப் பிரசவம் குறையவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2016-ல் கர்ப்பிணிகளுக்கான யோசனைகளை வெளியிட்டது. குறைந்தது 8 முறை பரிசோதனை வேண்டும் என்றது. இந்தக் கூட்ட முறையைப் பற்றியும் சொன்னது. விரும்பும் பெண்களுக்கு இதைக் கொடுத்துப் பார்க்கலாம். கூடவே பலனையும் ஆராய வேண்டும் என்றது.

ஆகவே, இது மந்திரக்கோல் அல்ல. ஆனால், ஒன்று நிச்சயம். கூட்டத்துக்கு வந்த பெண்கள் அதை விரும்பினார்கள். அறிந்துகொண்டார்கள். வாய் திறந்தார்கள்.

"அது அமெரிக்கா. நம் நாட்டுக்கு ஒத்துவருமா?" என்று கேட்பீர்கள். நம் நாட்டுக் கதையையே சொல்கிறேன்.

ஜார்க்கண்டு, ஒடிசா கிராமங்களில் 'ஏக்ஜுட்' என்ற அமைப்பு 2005 முதல் 2008 வரை ஒரு சோதனை நடத்தியது. அங்கே பெரும்பாலும் பழங்குடி மக்கள். படிக்காத பெண்கள் அதிகம். மாதம் ஒரு முறை அவர்கள் வட்டமாகக் கூடினார்கள். படம் காட்டினார்கள். கதை சொன்னார்கள். "நம் ஊரில் பச்சைக் குழந்தைகள் ஏன் சாகின்றன? நாம் என்ன செய்யலாம்?" என்று பேசினார்கள்.

கூட்டம் நடந்த ஊர்களையும் நடக்காத ஊர்களையும் ஒப்பிட்டார்கள். கூட்டம் நடந்த ஊர்களில் பச்சைக் குழந்தைகளின் சாவு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவு! புது மருந்து ஒன்றும் கொடுக்கவில்லை. புது ஆஸ்பத்திரி ஒன்றும் கட்டவில்லை. பெண்கள் கூடிப் பேசினார்கள். கூடி முடிவு செய்தார்கள். பிறகு ஜார்க்கண்டு அரசே ஆஷா ஊழியர்களைக் கொண்டு இப்படிக் கூட்டங்கள் நடத்தியது.

எழுதப் படிக்கத் தெரியாத பெண்களால் முடிந்தது. பென்னலூர்ப் பெண்களால் முடியாதா?

நமக்குப் புதிதா?

இல்லவே இல்லை.

வளைகாப்பு என்பது என்ன? ஒரு பிள்ளைத்தாய்ச்சியைச் சுற்றிப் பெண்கள் கூடுகிறார்கள். வளையல் போடுகிறார்கள். கலவைச் சோறு உண்கிறார்கள். கூடவே பெரியவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொல்கிறார்கள். "எனக்கு இப்படித்தான் இருந்தது. பயப்படாதே" என்கிறார்கள். அந்த ஒரு வார்த்தை எத்தனை பெரிய மருந்து!

இப்போது அரசாங்கமும் சமுதாய வளைகாப்பு நடத்துகிறது. ஏழைப் பெண்களுக்கும் வளையல் கிடைக்கிறது. நல்ல காரியம். ஆனால், அது ஒரு நாள் விழா. மேடை இருக்கும். வரிசையாக நாற்காலி இருக்கும். போட்டோ எடுப்பார்கள். சாப்பிட்டுவிட்டுப் பிரிந்துவிடுவார்கள். அந்தக் கூட்டம் மாதந்தோறும் கூடினால் எப்படி இருக்கும்?

இன்னொன்று. தர்மபுரியில் 1989-ல் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கின. அதற்கு முன் பேங்கு வாசலை மிதிக்கப் பயந்த பெண்கள் எத்தனை பேர்! குழுவாக உட்கார்ந்தார்கள். கணக்கு எழுதினார்கள். ஒருத்திக்கு ஒருத்தி துணை நின்றார்கள். பிறகு பேங்கு மானேஜருக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து பேசினார்கள்.

பணத்தில் வந்த தைரியம் பிரசவத்திலும் வரும்.

இன்னும் என்ன குறை?

தமிழ்நாடு இந்த விஷயத்தில் பின்தங்கிய நாடு அல்ல. பெருமையாகவே சொல்லலாம்.

2019–21-ல் தேசியக் குடும்ப நல ஆய்வு நடந்தது. அதன்படி தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் ஆஸ்பத்திரியில்தான் நடக்கின்றன. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் கர்ப்பிணிகளுக்கு உதவித் தொகை இருக்கிறது. 1987-ல் அது 300 ரூபாயாகத் தொடங்கியது. 2018-ல் 18,000 ரூபாய் ஆயிற்று. 2018–20 கணக்குப்படி, ஒரு லட்சம் குழந்தைகள் உயிரோடு பிறந்தால் தமிழ்நாட்டில் 54 தாய்மார் இறந்தார்கள். இந்தியா முழுமைக்கும் அது 97.

ஆனால், அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளில் 100-க்கு 48 பேருக்கு இரத்தச் சோகை. ஏறக்குறைய இரண்டு பேரில் ஒருத்தி!

இரும்புச் சத்து மாத்திரை கிடைக்கவில்லையா? கிடைக்கிறது. இலவசமாகவே கொடுக்கிறார்கள். மாத்திரை வீட்டுக்கு வந்துவிடுகிறது. பல வீடுகளில் வயிற்றுக்குள் போவதில்லை. சாப்பிட்டால் குமட்டுகிறது. மலம் கறுப்பாகப் போகிறது. "ஐயோ, ஏதோ கெடுதல்" என்று நிறுத்திவிடுகிறார்கள். கறுப்பாகப் போவதில் கெடுதல் இல்லை என்று யாராவது உட்கார்ந்து சொன்னார்களா? டீயோடு சேர்த்துக் குடித்தால் சத்து உடம்பில் ஒட்டாது என்று சொன்னார்களா?

அதே ஆய்வு மேலும் ஒன்றைச் சொல்கிறது. தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் 45 ஆபரேஷன் பிரசவம். பல நேரங்களில் ஆபரேஷன் உயிரைக் காக்கும். அதில் சந்தேகம் இல்லை. ஆனால், "எதற்காக எனக்கு ஆபரேஷன்?" என்று கேட்ட பெண்கள் எத்தனை பேர்? கேட்கலாம் என்று தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

ஆஸ்பத்திரி இருக்கிறது. டாக்டர் இருக்கிறார். மாத்திரை இருக்கிறது. பணம் இருக்கிறது. இல்லாதது ஒன்றே ஒன்று. பெண்ணின் வாயில் கேள்வி இல்லை.

தைரியம் என்றால் என்ன?

டாக்டரோடு சண்டை போடுவது தைரியம் அல்ல.

"என் இரத்தக் கொதிப்பு போன மாதம் 110. இந்த மாதம் 140. ஏன்?" என்று கேட்பது தைரியம்.

"இரத்த அளவு 11-க்குக் கீழே இருந்தால் சோகை என்று சொன்னார்கள். எனக்கு எவ்வளவு?" என்று கேட்பது தைரியம்.

"எனக்கு 9 மாதம். இந்த மூட்டையை நான் தூக்க முடியாது" என்று சூப்பர்வைசரிடம் சொல்வது தைரியம்.

"இரவு ஷிப்டாக இருந்தாலும் பரவாயில்லை. இந்தத் தேதியில் நீங்கள் என்னோடு ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும்" என்று கணவனிடம் சொல்வது தைரியம்.

ஒருத்தி தனியாக இருந்தால் இந்தத் தைரியம் வருவது கஷ்டம். பத்துப் பேர் நடுவில் உட்கார்ந்தால் தானாக வரும். தன் எடையைத் தானே பார்த்து, தன் கையால் எழுதியவள், அந்த எண்ணுக்கு அர்த்தம் கேட்பாள். கேட்டுப் பழகியவள் பிரசவ அறையிலும் கேட்பாள். வலியில் துடிக்கும்போது யாராவது அதட்டினாலும் குனிந்துகொண்டு இருக்க மாட்டாள்.

தடைகள்

சிலர் தடை சொல்வார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

"வெட்கப்படுவார்கள்." சிலர் வெட்கப்படுவார்கள்தான். ஆகவே, உடம்பைப் பார்ப்பது திரைக்குப் பின்னால். இரத்தப் பரிசோதனை முடிவைச் சொல்வதும் தனியாகத்தான். வட்டத்தில் பேசித்தான் ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கேட்டுக்கொண்டே இருக்கலாம். இந்த முறை வேண்டாம் என்பவளுக்குப் பழைய முறை இருக்கட்டும்.

"நர்சுக்கு நேரம் இல்லை." கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரே யோசனையை 12 பேருக்கு 5 நிமிடம் வீதம் சொன்னால் 60 நிமிடம். 12 பேரையும் உட்கார வைத்துச் சொன்னால் ஒரே தடவை. ஆனால், நர்சுக்குப் பயிற்சி வேண்டும். பேசுவது சுலபம். பிறரைப் பேச வைப்பது ஒரு வித்தை.

"ஆபத்தான கர்ப்பம் இருந்தால்?" அவளை டாக்டர் தனியே பார்த்தே தீர வேண்டும். வட்டம் டாக்டருக்குப் பதில் அல்ல.

"மொழி தெரியாதவர்கள் இருக்கிறார்களே?" இது உண்மையான தடை. ஒடியா பேசும் பெண்ணுக்கும், இந்தி பேசும் பெண்ணுக்கும் நம் தமிழ் புரியாது. அந்தந்த மொழி தெரிந்த ஒரு பெண்ணைத் துணைக்கு வைக்கலாம். படங்களைக் காட்டலாம். சொந்த ஊரை விட்டு அதிக தூரம் வந்தவளுக்குத்தான் துணை அதிகம் தேவை. அவளை வெளியே விட்டால் இந்த முறைக்கே அர்த்தம் இல்லை.

யார் என்ன செய்யலாம்?

சுகாதார இலாகா செய்ய வேண்டியது: ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் இரண்டு மூன்று இடங்களைத் தேர்ந்து எடுங்கள். அங்கே ஓராண்டு இதை நடத்திப் பாருங்கள். ஒரு ஜமக்காளம், ஒரு திரை, எடை பார்க்கும் கருவி, இரத்தக் கொதிப்புக் கருவி. இவ்வளவு போதும். கணக்கு வையுங்கள். எத்தனை பேர் தவறாமல் வந்தார்கள்? எத்தனை பேருக்குச் சோகை குறைந்தது? பலன் இருந்தால் பரப்புங்கள். இல்லாவிட்டால் நிறுத்துங்கள்.

கம்பெனிக்காரர்கள் செய்ய வேண்டியது: சட்டப்படி முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்தோடு 26 வாரம் விடுமுறை உண்டு. 2017-ல் வந்தது அந்தத் திருத்தம். பிரசவத்துக்கு முந்திய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். காண்டிராக்டு மூலம் வந்த பெண்களுக்கும் இதைச் சொல்லுங்கள். மறைக்காதீர்கள். மாதம் ஒரு நாள், இரண்டு மணி நேரம், சம்பளம் பிடிக்காமல் கூட்டத்துக்கு அனுப்புங்கள். இயந்திரத்துக்கு எண்ணெய் போட நேரம் ஒதுக்குகிறீர்கள். தாய்க்கு இரண்டு மணி நேரம் ஒதுக்க முடியாதா?

கணவன்மார் செய்ய வேண்டியது: கூட்டம் எந்தத் தேதி என்று கேட்டு வையுங்கள். அன்று சமையலை நீங்கள் பாருங்கள். அவள் திரும்பி வந்ததும், "இன்று என்ன பேசினீர்கள்?" என்று கேளுங்கள்.

தாய்மார்களே, நீங்களும் காத்திருக்க வேண்டாம். அரசாங்கம் வரும்போது வரட்டும். அடுத்த முறை வரிசையில் நிற்கும்போது பக்கத்தில் இருப்பவளைப் பாருங்கள். "உனக்கு எத்தனையாவது மாதம்?" என்று கேளுங்கள். உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள். இதையும் சொல்லுங்கள்: கடுமையான தலைவலி, கண் மங்கல், முகவீக்கம், இரத்தப் போக்கு, நீர் ஒழுகுதல், காய்ச்சல், குழந்தையின் அசைவு குறைதல். இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். போன் எண் 108.

இந்த ஒரு செய்தி, கையில் இருந்து கைக்கு வளையல் போவதுபோல, ஒருத்தியிடம் இருந்து ஒருத்திக்குப் போகட்டும்.

பென்னலூர் அறையில் தனியாக இருக்கிறாளே, அந்தப் பெண்ணுக்கு ஊரில் உள்ள தாயை நாம் கொண்டுவந்து கொடுக்க முடியாது. ஆனால், பத்துச் சகோதரிகளைக் கொடுக்க முடியும். அவர்கள் எங்கோ இல்லை. அதே வரிசையில்தான் நிற்கிறார்கள்.

அவர்கள் முன்னும் பின்னுமாக நிற்கிறார்கள். முகத்துக்கு முகம் பார்த்து உட்கார வேண்டும். அவ்வளவுதான்.

வரிசை வட்டம் ஆகுமா?